தபால் விமானத்தின் இடது இறக்கை

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்க மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கடல்காற்று எழும்புவதற்கு முன் சின்ன விமானங்கள் பறக்கும். எல்லாமே பழங்கால விமானங்களின் மாதிரிகள். பால்சா கட்டையில் எலும்புக்கூடு செய்து, மேலே மெல்லிய டிஷ்யூ காகிதம் போர்த்தி, மூக்கில் ஒரு குட்டி மோட்டாரும் வயிற்றில் ஒரு பேட்டரியும் வைத்து, ரிமோட்டால் ஓட்டுபவை. ஓட்ட வருகிறவர்கள் ஆறேழு பேர். அவர்களுக்குள் யாரும் பேசி வைக்காத வழக்கம் ஒன்று இருந்தது. முதலில் மேலே ஏறுவது தனபாலனின் மஞ்சள் நிற டைகர் மாத் விமானமாகத்தான் இருக்கும். அது ஒரு சுற்று வந்து இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் தங்கள் பெட்டிகளைத் திறப்பார்கள்.

தனபாலனுக்கு தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை. உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், அவன் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து வைத்தது. எடைபோட்டு விற்கும் வியாபாரம் என்பதால் கைக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. குடமோ அண்டாவோ, தூக்கிப் பார்த்தாலே தராசு சொல்லப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவான். சின்ன விமானம் கட்டுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஒரு சொட்டுப் பசை அதிகமானால்கூட அது பறக்கும்போது தெரிந்துவிடும். "உன் கை இன்னா தராசா மச்சி?" என்பான் ஹஸன். ராயப்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். மோட்டார் ஒயரிங்கில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவனிடம்தான் போவார்கள். எடை என்றால் தனபாலனிடம் வருவார்கள்.

சாருலதா வந்து சேர்ந்தது போன மழைக்காலம் முடிந்த பிறகு. அபிராமபுரத்தில் பல் டாக்டர். முதல் நாள் அவள் கொண்டு வந்தது ஒரு சாதாரணப் பயிற்சி விமானம். தனபாலனிடம் ஆயிரம் சந்தேகம் கேட்டாள். அவனும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னான். சொல்ல ஆள் கிடைத்ததில் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவளுடைய இரண்டாவது விமானத்தைக் கையில் வாங்கியபோது அந்தச் சந்தோஷம் போயிற்று. சின்னதாக, சிவப்பாக, இரட்டை இறக்கை வைத்தது. உள்ளங்கை எதிர்பார்த்த எடை அதில் இல்லை. கை தானாகவே கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டது, காலி என்று தெரியாமல் பெட்டியைத் தூக்கினால் ஆகுமே, அப்படி.

"இன்னா டாக்டரே, காத்துலயே செஞ்சா மாரி கீது!" என்று ஹஸன் கத்தினான். "மச்சி, நீ பாத்தியா இத்த?"

"பாத்தேன். நல்லாருக்கு" என்றான் தனபாலன். ஹஸன் இத்தனை வருஷத்தில் டைகர் மாத்தைப் பார்த்து இப்படிக் கத்தியதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. பெட்டியை அவள் திறந்தால் போதும், எல்லாரும் அங்கே போய் நின்றார்கள். வாட்ஸ்அப் குழுவில் அவள் விமானத்தின் படம் வந்தால் வரிசையாக இதயங்கள் விழுந்தன. தனபாலன் கடையில் கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லாரும் போட்டு முடிக்கிறவரை காத்திருந்துவிட்டு ஒரு கட்டைவிரல் போடுவான். ஒரு ஞாயிறு, அவன் பேட்டரி மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய சிவப்பு விமானம் மேலே ஏறிவிட்டது. அவளுக்கு வழக்கம் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் மனைவி மீனாட்சி கேட்டாள். "அந்த டாக்டரம்மா நல்லா செய்யுதாங்களா?"

"சுமாராத்தான்" என்றான்.

அவன் போதாத காலம், மீனாட்சிக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. தி.நகரில் இல்லாத டாக்டரா? ஆனால் அவள் அபிராமபுரத்துக்குத்தான் போனாள். திரும்பி வந்தபோது பாதி வாய் மரத்துப்போயிருந்தும் பேச்சு நிற்கவில்லை.

"என்னங்க, அந்தப் பொம்பளைக்குக் கையா அது? ஊசி போட்டதே தெரியலைங்க. பக்கத்து ரூம்ல ஒரு பிளேன் கட்டிக்கிட்டு இருக்காங்க. இன்னும் காயிதம் ஒட்டலை. அவ்வளவும் குச்சி குச்சியா, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கணும் போல. அந்தக் காலத்துல மெட்ராஸுக்குத் தபால் கொண்டாந்த பிளேனாம். ஏதோ பேரு சொன்னாங்க."

"புஸ் மாத்" என்றான் தனபாலன்.

"ஆமா, அதேதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியாமல் இருக்கும். அந்தப் புஸ் மாத்தின் வரைபடம் அவன் வீட்டுப் பரண்மேல் சுருட்டிக் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. கட்டினால் அதைத்தான் கட்டவேண்டும், அதுதான் தன் பெயர் சொல்லும் விமானம் என்று நினைத்து வாங்கியது. இறக்கைக்கு உள்ளே விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும் ரிப்புகளை ஒருமுறை வெட்டியும் பார்த்தான். பிறகு தங்கச்சி கல்யாணம், கடை விஸ்தரிப்பு, கொரோனா. இப்போது வேண்டாம், கை இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளித் தள்ளியே வைத்திருந்தான். அதை எங்கிருந்தோ வந்த ஒருத்தி இரண்டு பேஷண்டுக்கு நடுவே கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மீனாட்சி தனக்குத்தான் சாப்பிட முடியவில்லை என்றால் அவருக்கு என்ன என்று யோசித்தாள்.

புஸ் மாத் மைதானத்துக்கு வந்த ஞாயிறு, காற்றே இல்லை. மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து அதன்மேல் அதை வைத்தாள் சாருலதா. வெள்ளி நிற இறக்கை, கரும்பச்சை உடம்பு. இரண்டு முழ நீளம் இருக்கும் அந்த இறக்கை. கேபின் ஜன்னல் வழியே பிரம்பு பின்னிய நாற்காலி தெரிந்தது. அதற்குப் பின்னால் சின்னச் சின்னத் துணிப்பைகள்.

"தபால் பை. கார்த்தால கிளம்பறச்சேதான் ஒட்டினேன்" என்றாள். "எங்காத்துல எல்லாரும் தூங்கிண்டிருந்தா. இது இல்லாம எடுத்துண்டு வர மனசே வரலை."

ஹஸன் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். பிறகு தரையில் முழங்காலிட்டுப் பார்த்தான். அவன் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மௌனம் தனபாலனுக்கு அவன் கத்தியதைவிட மோசமாக இருந்தது.

"தனபாலன் சார், பறக்க விடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பேலன்ஸ் பார்த்துடுங்கோ" என்றாள் சாருலதா. "உங்க கை பார்த்தா எனக்குத் தைரியம்."

பேலன்ஸ் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்க வேண்டும். விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் அது பறக்காது. மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும், தலைகுப்புற வரும்.

தனபாலன் விரல் வைத்துத் தூக்கினான். தரையை விட்டுக் கிளம்பியதுமே வால் கீழே இறங்க ஆரம்பித்தது. தபால் பைகள்தான். பேட்டரியை ஒரு விரற்கடை முன்னால் தள்ளினால் சரியாகிவிடும். அரை நிமிஷ வேலை. சொல்ல வாயெடுத்தான். அந்தச் சமயத்தில் வெயில் மரக்கிளை வழியாக இறங்கி இறக்கையில் விழுந்தது. காகிதத்துக்குள்ளே ரிப்புகள் ஒன்றுபோல நிழலாய்த் தெரிந்தன, ஒரு மயிரிழைகூட விலகாமல்.

வால் முழுக்கத் தாழ்வதற்குள் விமானத்தை வேட்டியின்மேல் வைத்துவிட்டான்.

"சரியா இருக்கு" என்றான்.

அதைச் சொன்ன குரல் அவனுக்கே நிதானமாகத்தான் கேட்டது. பின்னால் நகர்ந்து கையைத் துடைத்துக்கொண்டான். இனி அது மேலே போகும். பிறகு கீழே வரும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. முதல் பறத்தலில் உடையாத விமானம் ஏது?

சாருலதா ரிமோட்டை எடுத்தாள். கையை உதறிக்கொண்டாள். மறுபடி எடுத்தாள். பிறகு நேராக அவனிடம் வந்து ரிமோட்டை நீட்டினாள்.

"நீங்களே விடுங்கோ சார். என் கை நடுங்கறது. ரூட் கனால் பண்றச்சேகூட இப்படி நடுங்கினதில்லை."

"நானா? வேண்டாம் டாக்டர். உங்களோடது, நீங்களே..."

"இன்னா மச்சி, அவங்களே சொல்றாங்க, வாங்கிக்க" என்று ஹஸன் ரிமோட்டை வாங்கி அவன் கையில் திணித்தான். மற்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இன்னொரு முறை பேலன்ஸ் பார்க்கிறேன் என்று சொல்லலாம். பேட்டரி லூஸாக இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் எல்லார் முன்னாலும் சரியாக இருக்கிறது என்று சொன்னவன் அவன். எடை விஷயத்தில் அவன் கை தவறாது என்று இந்த மைதானமே சொல்லும். அதை விட்டுக்கொடுக்க அந்த நேரத்திலும் அவனுக்கு மனம் வரவில்லை.

சாருலதா நாலடி ஓடி விமானத்தைக் கையிலிருந்து விட்டாள்.

நினைத்தபடியே மூக்கு மேலே தூக்கியது. தனபாலன் ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினான். விமானம் தரையைப் பார்த்துப் பாய்ந்தது. இழுத்தான், மறுபடி வானத்தைப் பார்த்து எழும்பி, நடுவானில் ஒரு கணம் அப்படியே நின்றது. யாரோ "ஐயோ" என்றார்கள். ஊஞ்சல் மாதிரி மேலும் கீழுமாக அது மைதானத்தைத் தாண்டிப் போயிற்று. அவன் மனசு என்ன நினைத்திருந்ததோ, கை அதைக் காப்பாற்றத்தான் பார்த்தது. குச்சியை நகர்த்துகிறோமா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகத் தொட்டுத் தொட்டு, கட்டிடச் சுவரை ஒட்டித் திருப்பினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புல் அடர்ந்த பக்கமாகக் கொண்டு வந்தான். தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் அது கடைசியாக ஒருமுறை மூக்கைத் தூக்கி, இடதுபக்கமாகச் சரிந்தது. இடது இறக்கையின் நுனி கோல் போஸ்ட்டின் காலில் இடித்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். பிறகு விமானம் புல்லில் உட்கார்ந்தது.

எல்லாரும் ஓடி வந்து அவன் முதுகில் தட்டினார்கள்.

"வேற எவன் கையில இருந்தாலும் தூள் தூளாயிருக்கும்" என்றான் ஹஸன். "இன்னா ஓட்டு ஓட்டுன மச்சி! கையக் குடு."

தனபாலன் கையைக் கொடுத்தான். பல மாதங்களாக அவன் கேட்க ஏங்கிய வார்த்தைகள்தான். காதில் ஈயம் ஊற்றியது போல இருந்தது.

மற்றவர்கள் டீ குடிக்க கேட்டுக்கு வெளியே போன பிறகும் சாருலதா வேட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தாள். ஒடிந்தது இறக்கையின் நுனி மட்டும்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் விமானத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வால் தாழ்ந்து தரையைத் தொட்டது.

"சார், நேத்து பார்த்தப்போ சமமா இருந்தது. பையெல்லாம் ஒட்டினப்புறம் நான் பார்க்கலை. நீங்க பார்த்தேளேன்னு இருந்துட்டேன்." அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"தெரிஞ்சுது டாக்டர்" என்றான் தனபாலன். "கையில எடுத்ததுமே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் சொல்லலை?"

"கீழ விழட்டும்னு நெனச்சேன்."

அவள் விமானத்தை மெல்ல வேட்டிமேல் வைத்தாள். கேட்டது சரிதானா என்பதுபோல அவனையே பார்த்தாள்.

"நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலை. நல்லா செஞ்சிருக்கீங்க. அதான்."

"ஆனா நீங்கதானே காப்பாத்தி இறக்கினேள்?"

"ரிமோட் என் கையில வந்துட்டுது. உங்க கையில இருந்திருந்தா விழுந்திருக்கும். நான் பாத்துக்கிட்டு நின்னிருப்பேன்."

சாருலதாவின் முகம் சிவந்தது. உடம்போடு இறக்கையைச் சேர்த்திருந்த ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இறக்கையைத் தனியே எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே சரி பண்ணிக் கொண்டுவாங்கோ. ஒடிஞ்ச இடம் தெரியப்படாது. வெயிட்டும் ஏறப்படாது."

"சரி."

"யார்கிட்டயும் நான் சொல்லப்போறதில்லை. நீங்களும் சொல்லாதீங்கோ. மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்கோ. எனக்கு இந்த க்ரவுண்டுல பஞ்சாயத்து வேண்டாம். நான் பறக்க விடத்தான் வரேன்."

டீ குடித்தவர்கள் திரும்பி வந்தபோது அவள் கார் போய்விட்டிருந்தது. இறக்கையும் தனபாலனின் பெட்டிக்குள் போயிருந்தது.

கடை மாடியில், மதியம் வியாபாரம் ஓயும் நேரத்தில், தனபாலன் அந்த இறக்கையைப் பிரித்தான். ஈரப் பஞ்சால் காகிதத்தை நனைத்து உரித்ததும் உள்ளே இருந்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூன்று ரிப் ஒடிந்திருந்தது. மற்றவை முழுசாக இருந்தன. ஒவ்வொரு ரிப்பிலும் வட்ட வட்டமாகத் துளை போட்டு எடையைக் குறைத்திருந்தாள். அந்தத் துளைகளின் உள்விளிம்பைக்கூட உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருந்தாள். காகிதம் மூடிய பிறகு எவர் கண்ணிலும் படப்போகாத இடம்.

எங்காவது ஒரு பிசகு இருக்கும் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். ஒன்று அகப்பட்டது. ஒரு ரிப்பின் பின்முனையைக் குட்டையாக வெட்டிவிட்டு, ஒரு துண்டு சேர்த்து ஒட்டியிருந்தாள். அவனுக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் அந்த ஒட்டுப்போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது குளிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அப்படி ஒட்டுப்போட அவனுக்கு வராது.

வீட்டுப் பரண்மேல் கிடந்த தன் பழைய ரிப்புகளை எடுத்து வந்தான். அதே வரைபடம், அதே அளவு. பக்கத்தில் வைத்தபோது அவனுடையது கனத்த பலகை மாதிரி இருந்தது. கை தேறட்டும் என்று காத்திருந்த காலத்தில் கை தேறவேயில்லை, காத்திருக்க மட்டும் பழகியிருந்தது என்று தோன்றியது. அவற்றைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புதிதாக வெட்ட உட்கார்ந்தான்.

மீனாட்சி சாப்பாட்டுக் கேரியரோடு மாடி ஏறி வந்தாள். "யாரோடதுங்க இது?"

"டாக்டரோடது. ஒடிஞ்சு போச்சு."

"அடப் பாவமே. அதான் நீங்க சரி பண்ணிக் குடுக்கீங்களாக்கும்." அவள் கேரியரை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். "நல்ல மனசுங்க உங்களுக்கு."

அவன் தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்தான்.

முதலில் செய்தது கனமாக இருந்தது. தராசில் வைக்க வேண்டியதேயில்லை, கைக்கே தெரிந்தது. உடைத்துப் போட்டான். அடுத்தது எடை சரியாக வந்தது, ஆனால் காகிதம் ஒட்டியதும் அந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளம் விழுந்தது. காகிதத்தை உரித்து மறுபடி ஆரம்பித்தான். கடைப்பையன் இரண்டு முறை கீழே கூப்பிட்டும் போகவில்லை. அவன் செய்த மாதிரியா, அவள் செய்த மாதிரியா என்பது மறந்துபோய், அந்த ரிப்பு வளைவுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் பார்த்த ஒரு மதியத்தில் அது சரியாக வந்தது.

அபிராமபுரம் கிளினிக்குக்கு அவன் போன சாயங்காலம் நல்ல கூட்டம். அவனை முறை வரும்வரை மற்றவர்களோடு உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது அவள் முகக்கவசத்தைக் கழற்றாமலே இறக்கையை வாங்கினாள். பல் பார்க்கும் விளக்கை இழுத்து அதன்மேல் திருப்பினாள். முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தாள். நகத்தால் நுனியை வருடினாள். தராசில் வைத்தாள். பிறகு இன்னொரு முறை விளக்கில் பிடித்தாள்.

"எந்த ரிப்புன்னு தெரியலை" என்றாள்.

அவ்வளவுதான். அவள் இன்னும் ஏதாவது சொல்வாளா என்று அவன் நின்றான். அவள் அடுத்த பேஷண்டைக் கூப்பிடச் சொன்னாள்.

அந்த ஞாயிறு தனபாலன் மைதானத்துக்குத் தாமதமாகவே போனான். டைகர் மாத்தைக் கொண்டு போகவில்லை. புஸ் மாத் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. ரிமோட் சாருலதாவின் கையில். ஹஸன் கையிலிருந்து விட்ட விமானம் ஒரு துளி ஆடாமல் ஏறிற்று. மோட்டார் சத்தம்கூடச் சன்னமாகத்தான் கேட்டது. மரங்களுக்கு மேல் அகலமாக வளைந்து, வெயில் பக்கம் போய், வெள்ளி இறக்கை ஒருமுறை மின்ன, நிதானமாகத் திரும்பியது. நிஜமாகவே தபால் எடுத்துக்கொண்டு எங்கோ போகிற மாதிரி இருந்தது. பழைய எரிச்சல் மறுபடி கிளம்புவதை தனபாலன் உணர்ந்தான். அது போய்விட்டிருக்கும் என்று அவன் நினைத்திருந்தான்.

ஹஸன் அவன் தோளில் கை போட்டான்.

"பாத்தியா மச்சி. அந்த எறக்கை ஒடிஞ்சிச்சின்னு சொன்னா எவனாச்சும் நம்புவானா? கைல வாங்கித் தடவித் தடவிப் பாத்தேன், எடமே தெர்ல. டாக்டர் கை டாக்டர் கைதான். உன்னால முடியுமா, சொல்லு?"

சாருலதா கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணை வானத்திலிருந்து எடுக்கவில்லை. ஆனால் ரிமோட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஒரு கணம் அசையாமல் நின்றதை தனபாலன் பார்த்தான்.

அந்த மூன்று ரிப்பும் என்னுடையது என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் ஏன் அவன் சரிசெய்து கொடுத்தான் என்று அடுத்த கேள்வி வரும். அதனால்கூட அல்ல. அவன் செய்ததை அவள் இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாள்.

"முடியாதுப்பா" என்றான்.

விமானம் திரும்பி அவர்கள் தலைக்கு நேர் மேலே வந்தது. காகிதத்தின் வழியே வெயில் ஊடுருவி இறக்கையின் உள்ளெலும்பெல்லாம் தெரிந்தது. தனபாலன் அண்ணாந்து தன்னுடைய ரிப்பு மூன்றையும் தேடினான். எவை என்று அவனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.